தறி உதறல்

கல்யாணமாகிப் பொதட்டூர்பேட்டைக்குப் போன மறுநாள் காலையில் என் மாமியார் தாயம்மாள் எனக்குச் சொன்ன முதல் புத்திமதி, தூங்கி எழுந்த கையோடு யாருக்கும் சூடாக எதையும் கொடுக்காதே என்பதுதான். அரை மணி நேரம் போகட்டும், அப்புறம் டீ கொடு என்றார். அதையும் கண்ணாடி கிளாஸில் கொடுக்காமல், எவர்சில்வர் டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் அவருக்கும் அவர் பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் காலையில் கை உதறும். பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பிரஷ் பறந்து போய்ச் சுவரில் அடிக்கும். தலை வாரினால் சீப்பு எகிறும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பேர் தறி உதறல். பொழுதெல்லாம் பவர்லூம் ஓடுகிற வீட்டில் தரை அதிர்கிறது, சுவர் அதிர்கிறது, மனுஷ உடம்பு மட்டும் அதிராமல் இருக்குமா என்பது மாமியார் கட்சி.

நான் மணவூர்க்காரி. என் அப்பா ரயில்வேயில் கேட்கீப்பராக இருந்தவர். எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே தறியைத் தலைமுழுகிவிட்டது. எனக்கு நெசவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தறிக்காரர் வீட்டில் இதெல்லாம் சகஜம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒன்பது வருஷம் பாதி டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் இளங்கோவன் தறி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. அந்தச் சத்தம் தனக்கு ஆகாது என்று கல்யாணத்துக்கு முன்பே வண்டி ஓட்டக் கிளம்பிவிட்டவர். திருத்தணியில் மலைக்குக் கீழே வாடகைக்கு வீடு பார்த்துக் குடிவந்தோம். சொந்தமாக ஒரு ஸ்கூல் வேன். கே.ஜி.கண்டிகைப் பக்கத்துப் பிள்ளைகள் பதினாலு பேரைக் காலையில் ஏற்றிவந்து திருத்தணியில் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விடுவார். பதினைந்தாவது ஆள் எங்கள் மகள் சுசித்ரா, மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனாலும் நைனாவோடு முன்சீட்டில் உட்கார்ந்து கண்டிகை வரை ஒரு சுற்று போய்வந்தால்தான் மகாராணிக்குப் படிப்பு ஏறும்.

தறியைப் பொதட்டூர்பேட்டையிலேயே விட்டுவிட்டு வந்தோம். உதறல் மட்டும் எங்களோடு கூடவே குடிவந்தது. அது எப்படி என்று எனக்கு ஒரு நாளாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. காலை ஆறு மணிக்கு அடுப்பும் டிபன் பாக்ஸுமாக அல்லாடுகிறவளுக்கு ஆராய்ச்சியா ஓடும்?

என் கொழுந்தன் திலீப்புக்குப் பதினேழு வயதில், தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தது. நல்லவேளை, பின்பக்கமாகச் சாய்ந்தான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, ஐந்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான். விழுந்ததைப் பற்றி டாக்டரிடம் எல்லாம் சொன்ன மாமியார், உதறலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். நோயைக் கேட்டார்கள், நோயைச் சொன்னார். உதறலை அந்த வீட்டில் யாரும் நோய்க் கணக்கில் சேர்த்ததே இல்லை.

இந்தச் சித்திரையில் ஷாலினி என்கிற டாக்டரம்மா அந்தச் சென்னை ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வலிப்பு உள்ளவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்வதோடு, வலிப்பே வராத அவர்கள் கூடப்பிறந்தவர்களின் அலைகளையும் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். அண்ணன் வருவாரா என்று திலீப்பிடம் கேட்டிருக்கிறார். தம்பிக்காக இவர் போனார். மாமியாரையும் கூப்பிட்டார்கள். தனக்கு என்ன கேடு என்று அவர் வாசலைத் தாண்டவில்லை.

தலையில் எண்ணெய் இருக்கக்கூடாது என்று இவரை இரண்டு முறை ஷாம்பு போட வைத்தார்கள். மண்டை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். கண்ணை மூடு, கண்ணைத் திற, வேகமாக மூச்சு விடு என்று முக்கால் மணி நேரம் வேலை வாங்கினார்கள். வீட்டுக்கு வந்தபோது முடி திட்டுத்திட்டாக ஒட்டிப்போய் இருந்தது. சுசித்ரா சிரி சிரி என்று சிரித்தாள். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். திலீப், இவர், நான் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று திலீப்புடையது, ஒன்று இவருடையது. எனக்கு இரண்டுமே கோடு கோடாகத்தான் தெரிந்தன. மூளையின் ஒரு பகுதியும் இன்னொரு பகுதியும் எந்தத் தாளத்தில் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்ததில், அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மாதிரி வருகிறது என்று பொறுமையாகச் சொன்னார். இது குடும்ப வழியாக வருவது. வலிப்பே வராத சொந்தக்காரர்களிடமும் இது இருக்கிறது. இருக்கிறது என்பதால் வலிப்பு வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை, இதற்கு மருந்தும் தேவையில்லை என்றார். இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. காலையில் எழுந்ததும் கை திடீரென்று உதறி, கையில் இருப்பது கீழே விழுமா என்று டாக்டரம்மா திலீப்பைக் கேட்டார்.

"ஆங், உழும் மேடம். அது தறி உதறல். எங்க வூட்ல எல்லாருக்கும்..." என்று திலீப் ஆரம்பித்தான். மேசைக்கு அடியில் இவர் கை அவன் தொடையை அழுத்தியதை நான் பார்த்தேன். "எனக்கு இருக்குது," என்று முடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். தறிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, அந்த உதறலே வலிப்பில் ஒரு வகை என்றார். தூக்கம் கெட்டால் அதிகமாகும். அடுத்தடுத்து உதறி, ஆளைக் கீழே தள்ளுகிற பெரிய வலிப்பில் கொண்டுபோய் விடும். திலீப்புக்கு முதல் தடவை அப்படித்தான் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் அந்த உதறல் இருந்தா, இந்தக் காகிதத்துக்கு அர்த்தமே வேற சார். நான் சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. உடனே வைத்தியம் பாக்கணும். உதறல் இருக்கா?"

"இல்ல மேடம். நான் தறியத் தொட்டுப் பதினோரு வருஷமாச்சு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்குமா என்கிற பார்வை அது. நான் அவர் மேசை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் இவர் சொந்தத் தொழில் என்று எழுதியிருந்தார். வேன் என்று எழுதியிருந்தால் அந்தம்மா எங்களை அப்படி லேசில் விட்டிருக்க மாட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் அரக்கோணம் வருவதற்குள் திலீப் தூங்கிவிட்டான். எனக்குள் அந்த ஒரே வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. தறியைத் தொட்டுப் பதினோரு வருஷம். அப்படியானால் தினம் காலையில் என் வீட்டில் உதறுவது எந்தத் தறி? அதை அவரிடமே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வலிப்பு என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் லைசென்ஸ் போய்விடும், அப்புறம் அம்மா வீட்டுக்குப் போய்த் தறிச் சத்தத்தில் உட்கார வேண்டியதுதான் என்றார். இந்த முப்பத்துநாலு வயது வரைக்கும் ஒரு நாளும் விழுந்ததில்லை. எழுந்து அரை மணி நேரம்தான் உதறும், அதற்குள் வண்டியை எடுப்பதே இல்லை. எல்லாம் நியாயம் போலத்தான் இருந்தது.

"பத்து வருஷமா ஒரு கீறல் இல்லாம பசங்களக் கொண்டாந்து வுட்டுக்கினு இருக்கறேன். எம் மேல நம்பிக்கை இல்லியா உனக்கு?"

நம்பிக்கை இருக்கிறது என்றேன். அதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. கோழை நான்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் அவர் பல் விளக்கும்போது அடுப்படியிலிருந்து உதறலை விரல் விட்டு எண்ணுவேன். ஒன்று, இரண்டு. சில நாள் மூன்று. மூன்றைத் தாண்டவில்லை என்றால் அன்றைக்குப் பரவாயில்லை என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கியதும் எனக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். அது வரும்வரை ஒரு வாய் இட்லி இறங்காது. வந்ததும் சாப்பிடுவேன், மறுநாள் காலை வரைக்கும் மறந்துவிடுவேன். மனசு இருக்கிறதே, அதைப்போல ஒரு சோம்பேறி கிடையாது.

பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் யாரும் தூங்குவதில்லை. காவடிக் கூட்டம் விடிய விடிய வரும். பள்ளிக்கு விடுமுறை என்பதால் வேனை அரக்கோணம் ஸ்டேஷனுக்கும் மலையடிவாரத்துக்குமாக ஓட்டினார். போகாதீர்கள், தூக்கம் கெட்டால் அதிகமாகும் என்றுதானே டாக்டரம்மா சொன்னார் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். வருஷா வருஷம் முருகனுக்குச் செய்கிற சேவை, அவன் பார்த்துக்கொள்வான் என்றார். இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை வந்து படுத்தவர், இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட்டார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு.

நான் எண்ண ஆரம்பித்தேன். பிரஷ் விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தது. ஐந்து, ஆறு. சொம்பில் தண்ணீர் மொண்டபோது தோளே குலுங்கி, தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது. ஒன்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்றைக்கு வண்டி வேண்டாம் என்றேன். மாற்று டிரைவர் முருகவேலுக்குப் போன் போட்டேன். அவன் காவடி எடுத்த களைப்பில் போனை அணைத்துப் போட்டிருந்தான். ஒரு மணி நேர வேலைதானே, போய்விட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிறேன் என்று இவர் ஈரச் சட்டையை மாற்றினார். அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உதறல் குறைந்ததும், பார்த்தாயா என்பதுபோல இரண்டு கையையும் எனக்கு நீட்டிக் காட்டினார்.

சுசித்ரா யூனிபார்ம் போட்டு, ஷூ மாட்டி, பையோடு வாசலில் நின்றாள்.

"அவளுக்கு வயித்து வலி. இன்னிக்கி வாணாம்," என்றேன்.

அவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ரயிலில் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் என் உண்மையான பதில் அவருக்குக் கிடைத்தது. போய் வண்டியை ஸ்டார்ட் செய்தார். எனக்கு என்ன தோன்றியதோ, பிள்ளையைப் பக்கத்து வீட்டு எல்லம்மாளிடம் விட்டுவிட்டு ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தால் ஏதாவது செய்துவிடலாம் என்று நினைப்பு. எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ரோடு முழுக்க ஊர் திரும்புகிற கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, மஞ்சள் துணியில், குடும்பம் குடும்பமாக ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கியரைப் பிடித்த இடது கை, ஸ்டீயரிங்கில் வலது கை. பேசினால் கவனம் சிதறும் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். ஊர் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் சட்டென்று அவர் தோள் ஒரு வெட்டு வெட்டியது. வண்டி இடப்பக்கம் இழுத்தது. முன்னால் போன பெண்ணின் முந்தானை என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. வண்டி மண்ணில் இறங்கி, மறுபடி தாரில் ஏறியது.

"குழி," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். போன மாதம்தான் போட்ட ரோடு அது. தோசைக்கல் மாதிரி மட்டமாகக் கிடந்தது.

நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். கண்டிகை இன்னும் இரண்டு நிமிஷம்தான், அங்கே வண்டி எப்படியும் நிற்கும், நின்றதும் சொல்லிவிடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

கே.ஜி.கண்டிகை டீக்கடை எதிரில்தான் முதல் நிறுத்தம். அம்சா நின்றுகொண்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் விடிவதற்கு முன்னாலேயே நடவுக்குப் போய்விடுவார்கள் என்பதால், தன் மகன் அரசுவோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் வேனில் ஏற்றிவிடுவது அவள் வேலை. ஏற்றிவிட்டு அவளும் வயலுக்கு ஓடுவாள். பெரிய பிள்ளைகள் இரண்டும் பின்னால் தாங்களே ஏறி உட்கார்ந்துகொண்டன. அரசு எல்.கே.ஜி. அவனைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தாள்.

"இன்னா அண்ணி, நீ வந்துகினு கீற? சுசி எங்க?"

"வயித்து வலி," என்றேன்.

"அய்ய, பாவம். கொழந்தைய யாரு பாத்துக்கறாங்க?"

"பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்தேன்."

அம்சா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சந்தேகம் இல்லை, புரியாத பார்வைதான். "கொழந்த வயித்து வலியில கெடக்குது. அத வுட்டுட்டு நீ இன்னாத்துக்கு அண்ணி வேன்ல வந்த?"

அதற்கு நான் பொய் தயார் செய்து வைத்திருக்கவில்லை. அரசு என் வளையல்களை மேலே தள்ளிக் கீழே தள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. எதை நம்பி இந்தப் பிள்ளை இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"சுசிக்கு ஒண்ணுமில்ல அம்சா. அவள இந்த வண்டியில ஏத்த எனக்கு பயமா இருந்துது."

"நிர்மலா," என்றார் இவர். அதட்டல் இல்லை, கெஞ்சல்.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நிறுத்தியிருப்பேன். இவருக்கும் தம்பியைப் போலக் கை உதறுகிறது, அது தறியால் வருவது இல்லை, தூக்கம் கெட்டால் வலிப்பாகவே வந்து விழுந்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார், இரண்டு ராத்திரியாக இவர் தூங்கவில்லை, இப்போது வருகிற வழியில்கூட வண்டி இழுத்துக்கொண்டு போனது என்று மூச்சு விடாமல் சொன்னேன். டீக்கடையில் நின்றவர்களும் கேட்டார்கள். கேட்கட்டும்.

இஞ்சின் நின்றது. இவர் இறங்கிச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தார். உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளில் சிறியவளைத் தூக்கி இறக்க இரண்டு கையையும் நீட்டினார். நீட்டியவர் பாதியில் இழுத்துக்கொண்டார்.

"நீயே எறக்கிக்கம்மா," என்றார் அம்சாவிடம்.

பத்து வருஷத்தில் அந்தக் கையை அவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் நின்று, மற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தார். அவர் மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. தலையிலிருந்து ஏதோ இறங்கியது போலவும் இருந்தது. சொல்லிவிட்டேன், இனி நான் நல்லவள் என்று அல்ப மனசு அதற்குள் நினைத்துக்கொண்டது.

அம்சா பிள்ளைகளை இறக்கினாள். என் மடியிலிருந்து அரசுவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"டாக்டரம்மா எப்ப சொன்னாங்க?"

"ஸ்கூல் தொறந்தப்ப."

"ரெண்டு மாசமாச்சு."

"எம் பொண்ணும் தெனம் இதே வண்டியில, இதே சீட்லதான் வந்தா அம்சா," என்றேன்.

"இன்னிக்கி வரலியே."

அம்சா மூன்று பிள்ளைகளின் பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களை ரோட்டின் ஓரப்பக்கமாக விட்டுத் தான் வண்டிகள் போகிற பக்கமாக நின்று, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.